பந்து கிடக்கும் இடத்திலிருந்து
(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



இலக்கிய நிகழ்ச்சிக்கு வந்து இவர் கோல்ப் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களிற் சிலர் நெற்றியைச் சுருக்கக்கூடும். நியாயந்தான். துரைமாரின் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவைத்தது அது. 1879இல் கொழும்பிலும் 1889இல் நுவரெலியாவிலும் கோல்ப் கழகங்களைத் தொடக்கியவர்கள் வெள்ளைக்காரர்களே. தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியனாகக் காலந்தள்ளிய எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஓய்வு பெற்ற பின் ஒருநாள் அந்தச் சம்பந்தம் ஏற்பட்டது.

கண்டிக்குக் கிழக்கே, திகனவை அடுத்து, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒரு கோல்ப் திடல் இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்டது. ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், பதினெட்டுக் குழிகள். கைதேர்ந்தவர் ஒருவர் 73 அடிகளில் சுற்றிமுடிக்க வேண்டுமென்பது கணக்கு. அதை வடிவமைத்த டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர், நெடுங்காலம் லண்டன் பத்திரிகையொன்றில் கோல்ப் பற்றி எழுதிவந்தவர். எழுதுகிறவன் கைபட்ட நிலம் என்று அறிந்ததும் எனக்கும் அதில் சற்றே உரிமை பிறந்துவிட்டது!

என் பழைய மாணவர் ஒருவர்தான் கூட்டிச் சென்றார். "சேர், ஒரு தடவ அடிச்சுத்தான் பாருங்களேன்" என்று கோலைக் கையில் திணித்தார்.

இந்த விளையாட்டு வளர்ந்தது ஸ்கொட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில். நமது திணைப் பகுப்பிற் சொன்னால் நெய்தல் நிலத்து விளையாட்டு. அதைக் குறிஞ்சிக்குக் கொண்டுவருகிறவன் மலையை வெட்டிச் சமதரையாக்க நினைத்தால் பாழ்தான். இங்கே அப்படிச் செய்யவில்லை. மேடு மேடாகவே இருக்கிறது. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. பழைய மரங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. புல்வழி அவற்றுக்கு விலகி வளைந்து போகிறது. ஒரு மேட்டில் ஏறினால் நீர்த்தேக்கம் தெரிகிறது. இறங்கினால் மறைந்துவிடுகிறது. தூரத்தே நக்கிள்ஸ் மலைத்தொடர் முகிலைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

நன்னூலிலே சூத்திரங்களின் நிலை நான்கு என்று படித்திருப்பீர்கள்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. நாற்பது வருடம் அதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அன்றுதான் நால்வகையையும் கண்ணாற் கண்டேன். முதலடிக்கு முன் முன்னும் பின்னும் பார்த்து நிற்பது அரிமா நோக்கு. என் மாணவர் அடித்த பந்து உயர எழுந்து, குழியிருக்கும் பசுந்தரையில் நேரே வந்து விழுந்தது பருந்தின் வீழ்வு. பிறகு மெல்லத் தட்ட, சரிவறிந்து உருண்டு குழியிற் சேர்ந்தது ஆற்றொழுக்கு. எனக்கு வாய்த்தது தவளைப் பாய்த்து மட்டுமே. என் பந்து தத்தித் தத்திப் போய், சரிவிலே இறங்கி, நீரில் விழுந்தது.

எங்கள் கோற்பையைச் சுமந்து வந்தவரை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழில் அச்சொல் சற்றுப் பிசகினாலும் 'கேடி'யாகிவிடும்; அவரோ மிக நல்ல மனிதர். ஐம்பது வயதைத் தாண்டிய சிங்களவர். பந்து போன திசையைப் பார்த்து நின்றவர், "அது கிடைக்காது, மாத்தயா" என்றார். பிறகு நீருக்கு அப்பால் கையை நீட்டி, "எங்கள் வயலும் அந்தப் பக்கம் கீழேதான் இருக்கிறது" என்றார்.

எனக்குத் திடுக்கிட்டது. அப்பாலே, நீருக்கடியில் இருப்பது பழைய தெல்தெனிய. எழுபதுகளில் வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்திலிருந்து இறங்கி, கண்டி பஸ்ஸுக்கு நான் காத்துநின்ற ஊர். அங்கே ஒரு தேநீர்க் கடையில்தான், முதன்முதலில் என் பெயர் அச்சான பத்திரிகையை விரித்துப் பார்த்தேன். இத்தனை நேரமும் "என்ன அழகு, என்ன அழகு" என்று நான் வியந்துகொண்டிருந்தது அந்தக் கடைக்கு மேலே நிற்கும் தண்ணீரைத்தான். எப்படி மறந்தேன்?

122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு 1985இல் திறந்துவைக்கப்பட்டது. மகாவலி தேங்கியது, ஊர் மூழ்கியது, புதிய தெல்தெனிய மேட்டிலே எழுந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் இடிபாடுகள் தலைகாட்டும். அணையின் மின்நிலையம் 210 மெகாவாட் வலுக்கொண்டது. இந்த உரையை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் மின்சாரத்திலும் அந்த ஊருக்குப் பங்குண்டு, நேயர்களே. ஆகவே அணையைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. அழகை மட்டும் பார்த்துவிட்டு வரவும் முடியவில்லை.

"உங்கள் தகப்பனார்?" என்று கேட்டேன்.

"மகாவலி 'சி' வலயத்தில் காணி கொடுத்தார்கள். போனார். அங்கேயும் வயல்தான் செய்தார். ஆனால் சாகும்வரைக்கும், 'நம்முடைய வயல்' என்று சொன்னால் அது இதுதான்" என்றார். சொல்லிவிட்டுப் பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நீரில் விழுந்தால் ஓரடி தண்டம். கரையில் வேறு பந்து போட்டுத் தொடரலாம் என்பது விதி. மற்ற இடங்களிலெல்லாம் பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். வசதியான இடத்துக்கு நகர்த்தக் கூடாது. தண்டத்தைத் தாமே கட்டிவிட்டுப் புதிய இடத்திலிருந்து தொடங்கிய மனிதர்களை எண்ணிக்கொண்டு, நான் அந்தப் பந்தைக் கீழே வைத்தேன். அடிக்கக் கை வரவில்லை. அவர்தான், "அடியுங்கள் மாத்தயா, வெயில் ஏறுகிறது" என்றார்.

அடித்தேன். அன்று மொத்தம் எத்தனை அடிகள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நீங்களும் ஒருமுறை அந்தக் கரைக்குப் போய்வாருங்கள். கோல் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அழகைக் கண்ணாரப் பாருங்கள். அங்கே பை சுமக்கும் ஒருவரிடம், நீருக்கடியில் என்ன இருக்கிறதென்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.