ஆறா, பதினொன்றா?

(ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் கணித ஆசிரியை இல்லை. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்து, மைக்கைப் பிடித்துப் பிழைப்பவள். கணக்கைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு கணக்குக்கு அவசரத் தீர்ப்புச் சொன்னவள் என்பதுதான் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான புதிர்ப் போட்டி ஒன்றை நடத்தினேன். அரையிறுதிச் சுற்று. என் கையிலிருந்த அட்டையில் இருந்த கேள்வி இது: ‘0, 1 ஆகிய இலக்கங்களை நான்கு இடங்களில் வைத்து அமைக்கும் வரிசைகளில், இரண்டு 1 உள்ளவை எத்தனை?’ செபராங் பிறையிலிருந்து வந்திருந்த மாணவி மணியை அழுத்தி, ‘பதினொன்று’ என்றார். அட்டையில் 6 என்றிருந்தது. ‘தவறு’ என்றேன்.

‘அக்கா, மூன்று 1 இருந்தால் அதற்குள் இரண்டு 1 இருக்கத்தானே செய்யும்?’ என்று கேட்டார். விளம்பர இடைவேளை நெருங்கிவிட்டது. சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பள்ளி அந்தச் சுற்றோடு வெளியேறியது.

வீட்டுக்கு வந்து தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு இடம், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வாய்ப்பு, மொத்தம் 16 வரிசைகள். 0011, 0101, 0110, 1001, 1010, 1100 ஆகிய ஆறில்தான் சரியாக இரண்டு 1. ‘இரண்டுக்குக் குறையாமல்’ என்று பொருள் கொண்டாலோ, 1 இல்லாத ஒரு வரிசையையும் ஒரே ஒரு 1 உள்ள நான்கு வரிசைகளையும் 16-இலிருந்து கழிக்க வேண்டும். மிஞ்சுவது 11. மாணவி எண்ணியது முழுக்கச் சரி. அட்டையிலிருந்த விடையும் சரி. கேள்வி ஒன்றல்ல, இரண்டு!

‘எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்று ஒருவர் சொன்னால், மூன்றாவது பிள்ளை இல்லை என்றுதான் புரிந்துகொள்கிறோம். கடைக்காரர் ‘இரண்டு வெள்ளி சில்லறை இருக்கிறதா?’ என்று கேட்கும்போது, பையில் ஐந்து வெள்ளி சில்லறை வைத்திருப்பவர் ‘இல்லை’ என்பாரா? இரண்டு இடத்திலும் ஒரே ‘இரண்டு’, ஒரே ‘இருக்கிறது’. வீட்டில் குழப்பமில்லை, சூழ்நிலை சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளுக்குச் சூழ்நிலை கிடையாது.

நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமா? ‘இரண்டே’ என்று ஓர் ஏகாரம் போட்டால் போதும். ‘குறைந்தது இரண்டு’ என்றாலும் தீர்ந்தது. ஆனால் பேச்சு வழக்கில் வரும் ‘இரண்டாவது இருக்கணும்’ என்பதை மட்டும் வினாத்தாளுக்குள் விடாதீர்கள். அதை ஒரு பிள்ளை ‘குறைந்தது இரண்டு’ என்று படிக்கும், இன்னொரு பிள்ளை ‘இரண்டாம் இடத்தில் உள்ளது’ என்று படிக்கும்.

இன்னொரு பொறி பூஜ்யம். ‘வரிசை’ என்பதற்குப் பதிலாக ‘நான்கு இலக்க எண்’ என்று எழுதிவிட்டால் 0011 எண்ணாகாது. 1-இல்தான் தொடங்க வேண்டும். ஆறு மூன்றாகச் சுருங்கிவிடும். நம் பினாங்குத் தொலைபேசிக் குறியீடு 04. உள்நாட்டில் அழைக்கும்போது அதை வெறும் 4 என்று சுருக்க முடியாது, அங்கே முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கும் வேலை இருக்கிறது.

இந்த வகைக் கணக்கு நமக்கு அந்நியமானதும் அல்ல. யாப்பு படித்தவர்களைக் கேளுங்கள். நேர், நிரை என்று அசைகள் இரண்டே. ஈரசைச் சீர் 4, மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. நேரை 0 என்றும் நிரையை 1 என்றும் வைத்தால் என் அட்டையின் 16 வரிசைகள் அப்படியே வந்துவிடும். மூவசைச் சீர்களில் ‘நிரை உள்ளவை எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். தேமாங்காய் நீங்கலாக 7 என்பார் ஒருவர். புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என்று விரல்விட்டு 3 என்பார் மற்றவர். ‘ஒரு நிரையேனும்’ என்றால் 7, ‘ஒரே ஒரு நிரை’ என்றால் 3. தமிழாசிரியர்களும் கணித ஆசிரியர்களும் ஒரு மேசையில் உட்கார வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

நம் பிள்ளைகளின் நிலையையும் பாருங்கள். 2003-இல் கணிதம் ஆங்கிலத்துக்குப் போனது. பிறகு படிப்படியாகத் தமிழ்ப்பள்ளிகளில் தமிழுக்குத் திரும்பியது. தமிழில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறது, அங்கே ‘தெப்பாட்’ என்றால் சரியாக, ‘செகூராங்-கூராங்ஞா’ என்றால் குறைந்தது. பல்கலைக்கழகத்தில் பல படிப்புகளுக்கு ஆங்கிலம். கணக்குத் தெரிந்த பிள்ளை சொல்லில் தடுக்கி விழுந்தால், ‘எனக்குக் கணக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த மாணவியின் பள்ளிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். முடிவை மாற்ற இயலாது, நிகழ்ச்சி ஒளியேறிவிட்டது. இப்போது கேள்வி அட்டைகள் என் கைக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். ‘உள்ள’ என்ற சொல் வரும் அட்டைகளைத் தனியே எடுத்து வைத்து, கேள்வி எழுதியவரைத் தொலைபேசியில் அழைக்கிறேன். ‘சார், இரண்டா, இரண்டேயா?’ என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.