உதைபந்தும் காற்பந்தும்: 1921ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம்



1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் துறைமுகங்களுக்கு வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் பணத்தில் கட்டப்பெற்ற கப்பல் அது. இங்குப் பெற்ற விருந்தோம்பலுக்கு நன்றியாகக் கப்பலினர் காற்பந்துக்கு ஒரு கிண்ணம் வழங்கினர். அதுவே மலாயாக் கிண்ணம். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் சிலாங்கூர், பினாங்கை 5-1 என வென்றது. ஏறத்தாழ 5,000 பேர் கண்டு களித்தனர். இறுதியாட்டத்தில் சிலாங்கூர் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றது. மறு ஆண்டே அதே சிங்கப்பூரை 3-2 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அக்காலக் கோலாலம்பூரில் தமிழகத்திலிருந்து உடலுழைப்புக்கு வந்தோரும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர் பணிக்கு வந்தோரும் வாழ்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் அவ்விரு தமிழும் அண்டை வீட்டுத் தமிழாயின. 1914இலேயே தமிழர் உடற்பயிற்சிக் கழகம் இந்நகரில் தோன்றிவிட்டது. ஆட்டம் நமக்கு அயலாக இருக்கவில்லை.

நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டருகே ஓய்வுபெற்ற இரயில்வே எழுத்தர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தார். மாலைதோறும் அந்த 1921ஆம் ஆண்டுப் பருவத்தைச் சொல்வார். "உதைபந்து" என்றே சொல்வார். ஒருநாள் நண்பர்கள் முன்னிலையில், "தாத்தா, அது பிழை. காற்பந்து என்று சொல்லுங்கள்" என்றேன். நண்பர்கள் சிரித்தனர். அவரும் சிரித்தார். ஆனால் அதன்பின் அக்கதையை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்னாளில் இலக்கணம் பயின்றபோதுதான் என் பிழை விளங்கிற்று. 'உதைபந்து' வினைத்தொகை: உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என முக்காலமும் அதனுள் அடங்கும். அதனாலேயே இடையில் வல்லினம் மிகவில்லை. 'காற்பந்து' வேற்றுமைத்தொகை: காலால் உதைக்கும் பந்து என விரியும். பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதுபோல, லகரம் றகரமாயிற்று. தமிழகத்தார் புணர்க்காது 'கால்பந்து' என எழுதுகின்றனர். ஈழத்துச் சொல் செயலை நோக்குகிறது; நம் சொல் உறுப்பை நோக்குகிறது. இரண்டும் தமிழ், இரண்டும் செம்மையானவை.

நம் செய்தித்தாள்களில் வழங்கும் 'கோல்' ஆங்கிலச் சொல்லே. நட்ட கம்பங்களைக் கண்டு, தமிழ்க் 'கோல்'தான் அங்குச் சென்றது என்பாரும் உண்டு. ஒலியொப்புமை வேர்ச்சொல் ஆகாது. கடன் வாங்கியதைக் கடன் என்று சொல்வதில் தமிழுக்குக் குறைவில்லை.

அன்பர்களே, அப்பருவத்தின் கோல் எண்ணிக்கை ஏடுகளில் நிலைத்துவிட்டது. திடலோரம் நின்று பார்த்த தமிழர் கண்டதும் பேசியதும் அவ்வாறு நிலைக்கவில்லை. அவற்றைக் கேட்டறியும் வாய்ப்பு என் வீட்டு வாயிலிலேயே இருந்தது. ஒரு சொல்லைத் திருத்தப்போய் ஒரு பருவத்தையே இழந்தேன்.

மாணவச் செல்வங்களே, கிள்ளானிலும் செந்தூலிலும் பிரிக்பீல்ட்சிலும் பழைய ஆட்டங்களைக் கண்ட முதியோர் இன்னும் உளர். அவர்களிடம் செல்லுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இலக்கணம் பின்னர்ப் பார்க்கலாம், அது காத்திருக்கும். முதியோர் காத்திருக்க இயலாது.