கடன் அட்டையும் கோர்ட்டுக் கடிதமும்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற தொழிலாளர் கல்வி வகுப்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கடன் என்பது நமக்குப் புதிய சரக்கல்ல. நம் பாட்டன்மார் கப்பலேறி இந்தப் பினாங்குக்கு வந்து, ஜெரெஜாக் தீவில் குவாரண்டீனில் கிடந்த காலத்திலேயே பலருடைய தலையில் முன்பணக் கடன் ஏறியிருந்தது. அன்று அது கங்காணியின் கணக்கில் இருந்தது. இன்று சட்டைப் பையில் ஓர் அட்டையாக இருக்கிறது. கங்காணிக் கடனுக்குப் பயந்து இரவோடு இரவாகத் தோட்டம் மாறியவர்கள் உண்டு. கடன் அட்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. சட்டம் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்று தெரிந்தால் போதும்.

கடன் அட்டை யாருக்குக் கிடைக்கும்? ஆண்டு வருமானம் 24,000 வெள்ளிக்குக் குறையாதவருக்குத்தான் கொடுக்கலாம் என்பது பேங்க் நெகாராவின் விதி. 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400. ஆகவே அந்தச் சம்பளத்தில் மட்டும் பால் வெட்டுகிறவருக்கு அட்டை இல்லை. ஆனால் கிராணிமாருக்கு உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளையின் பெயருக்கு வருகிற கடிதத்தை லயத்து வீட்டில் பிரித்துப் பார்த்து நடுங்குகிறவர் தாய்தான். அதனால் இது எல்லாரும் கேட்க வேண்டிய விஷயம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 5,000 வெள்ளி பாக்கி வைத்திருக்கிறார். உச்ச வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. அதாவது மாதம் 75 வெள்ளி. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது பாக்கியில் 5 விழுக்காடு, 250 வெள்ளி. அதில் 75 வட்டிக்குப் போய்விடும். 175தான் முதலில் கழியும். தவணை தவறினால் தாமதக் கட்டணம் வேறு. பாக்கியில் ஒரு விழுக்காடு, இந்தக் கணக்கில் 50 வெள்ளி. ஒட்டுப்பால் விற்ற காசு வட்டிக்கே போகும்!

கட்டாமலே விட்டால் என்ன நடக்கும்? முதலில் டெலிபோன் வரும். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லையென்றால் வழக்கு. ஒரு லட்சம் வெள்ளி வரையிலான வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். கோர்ட்டு முத்திரையோடு வந்த கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிடுகிறார்கள். சம்மன் கைக்கு வந்த 14 நாளுக்குள் ஆஜராகும் பத்திரத்தைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், நீங்கள் வாய் திறக்காமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும். அப்படி ஆன தீர்ப்பை ரத்துச் செய்யும்படி கேட்கவும் வழியுண்டு. ஆனால் தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் கேட்க வேண்டும். கணக்குத் தவறா, கட்டிய பணம் கழிக்கப்படவில்லையா, அட்டையை வேறு யாரோ பயன்படுத்தினார்களா? அதைச் சொல்ல இதுதான் இடம்.

தீர்ப்பான பிறகு பாங்குக் கணக்கில் உள்ள பணத்தை முடக்கலாம். சாமான்களை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கலாம். 1957ஆம் ஆண்டுக் கடனாளிகள் சட்டப்படி உங்களை அழைத்து, வரவு செலவை விசாரித்து, மாதம் இவ்வளவு கட்டு என்று கோர்ட்டு உத்தரவிடலாம்.

"போலீஸ் பிடிக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். பிடிக்காது. கடன் கட்ட இயலாமை சிவில் விவகாரம், கிரிமினல் குற்றமல்ல. ஆனால் கையில் சக்தி இருந்தும் கோர்ட்டின் தவணை உத்தரவை மதிக்காதவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே அழைப்பு வந்தால் போங்கள். சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். முடிந்த தொகையைச் சொல்லுங்கள்.

அடுத்த பயம் திவால். 1967ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தில் பல திருத்தங்கள் வந்துவிட்டன. 2017இல் 30,000 வெள்ளியாக இருந்த எல்லை 50,000 ஆயிற்று. 2021 முதல் அது நிரந்தரமாக ஒரு லட்சம் வெள்ளி. எட்டாயிரம் பாக்கிக்கு "திவாலாக்கி விடுவோம்" என்று ஒருவன் மிரட்டினால், அந்த ஒரு கடனை வைத்து அவனால் அது முடியாது. ஆனால் பல கடன்காரர்கள் ஒன்று சேர்ந்து, மொத்தம் ஒரு லட்சத்தை எட்டினால் மனுப் போடலாம். திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது. அவருடைய சொத்து அரசாங்க இலாகாவின் பொறுப்புக்குப் போய்விடும்.

இனிச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பைக் கேளுங்கள்.

ஒன்று: ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தை எந்தக் கடன்காரனும் தொட முடியாது. திவாலானாலும் அது உங்களுடையது.

இரண்டு: சம்பளம். இதை ஒரு கிராணியாகச் சொல்கிறேன். தோட்ட ஆபீசுக்கு டெலிபோன் செய்து, "அந்த ஆளுடைய சம்பளத்தில் பிடித்து அனுப்பு" என்று வசூல்காரர்கள் அதிகாரம் செய்வதை நானே கேட்டிருக்கிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளி எழுத்து மூலம் கேட்காமலும், தொழில் இலாகாவின் முன் அனுமதி இல்லாமலும் மூன்றாம் ஆளுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. தோழர் கிராணிமாரே, டெலிபோன் குரலுக்குப் பயந்து செக்ரோலில் கை வைக்காதீர்கள்!

மூன்று: வசூல்காரர் தாம் யார், எந்த பாங்குக்காக வந்தார் என்று அடையாளம் காட்ட வேண்டும். மிரட்டக் கூடாது. உங்கள் கடனை அண்டை வீட்டாருக்கும் முதலாளிக்கும் தண்டோரா போடக் கூடாது. மீறினால் தேதி, நேரம், டெலிபோன் எண் எல்லாவற்றையும் குறித்து பாங்குக்கும் பேங்க் நெகாராவுக்கும் புகார் எழுதுங்கள்.

நான்கு: 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் நடுவில் ஐந்து வெள்ளி கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், ஆறு ஆண்டு புதிதாக ஆரம்பமாகும். காலம் கடந்துவிட்டது என்பதைக் கோர்ட்டு தானாகச் சொல்லாது. நீங்கள்தான் எழுப்ப வேண்டும். பழைய கடனுக்கு வசூல்காரர் நீட்டும் காகிதத்தில் யோசிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஐந்து: கையெழுத்துப் போடாத மனைவியோ தாயோ பிள்ளையோ தங்கள் சம்பளத்திலிருந்து அந்தக் கடனைக் கட்டக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

அப்படியானால் கடனைக் கட்டாமல் இருந்துவிடலாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடுப்பது மானமுள்ளவன் செயல். கொடுக்கும் வழி ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம், வரவு செலவைப் பார்த்து, பாங்குகளுடன் பேசி, தாங்கக்கூடிய தவணையை ஏற்படுத்தித் தருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. "கடனைக் குறைத்துத் தருகிறேன், முதலில் கமிஷன் கொடு" என்கிற தரகனிடம் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாங்குக் கடனை அடைக்க ஆலோங்கிடம் போகாதீர்கள்! பாங்குக்காரன் கோர்ட்டு வழியாக வருகிறான். அங்கே உங்களுக்கும் பேச உரிமை உண்டு. ஆலோங்கோ வீட்டு வாசலுக்கே வருகிறான். அங்கே என்ன உரிமை?

தோழர்களே, மங்கில் பால் நிறைவது சொட்டுச் சொட்டாகத்தான். கடனும் அப்படித்தான் ஏறுகிறது, அப்படித்தான் இறங்கவும் வேண்டும். கடிதம் வந்தால் ஒளிக்காதீர்கள். அன்றைக்கே சங்கக் கிளைக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம். 14 நாள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை! வணக்கம்.