பந்தை விட்டு மருத்துவத்திற்குச் சென்றவர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படிப்பகத்திற்கு வரவேண்டிய பிள்ளைகள் பந்தாடச் சென்றுவிடுகின்றனர். ஆகவே விளையாட்டுக் குழுவிற்கு இனிப் பணம் ஒதுக்கலாகாது என்று சென்ற செயற்குழுவில் ஒரு கருத்து எழுந்தது. அதனை உரைத்தவர்கள் நம் நலம் நாடுபவர்களே. கோர்வைச் சேலைத் தறியில் நெசவாளிக்குத் துணையாக அமர்ந்து, நாடா எறிந்தே பள்ளிப் பருவத்தை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. கல்வியின் அருமையை அவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. அதன் பொருட்டே இன்று ஒரு பெரியாரின் வரலாற்றைக் கூற வந்துள்ளேன்.

அவர் பெயர் தலிமெரென் ஆவோ. 1918ஆம் ஆண்டு நாகர் மலையிலுள்ள சாங்கி என்னும் சிற்றூரில், ஆவோ பழங்குடியில் பிறந்தவர். தந்தையார் கிறித்தவப் போதகர். மகன் மருத்துவனாகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். 1935இல் டைஃபாய்டு காய்ச்சல் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று.

கௌகாத்தி காட்டன் கல்லூரியில் பயின்ற ஆவோ, 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப்படுவது அதுவே. மறு ஆண்டே புகழ்பெற்ற மோகன் பகான் குழுவில் இடம்பெற்று, பின்னர் அதன் தலைவருமானார். அக்காலத்தில் நம் நாட்டில் கால்பந்து சோறு போடும் தொழிலன்று என்பதையும் நினைவிற் கொள்க.

1948, இலண்டன் ஒலிம்பிக். விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்துக் குழுவிற்குத் தலைவர் அவரே. தொடக்க விழா அணிவகுப்பில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. சூலை 31இல் பிரான்சுடன் போட்டி. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். மைசூர் வீரர் சாரங்கபாணி இராமன் ஒரு கோல் அடித்தார். பெனால்ட்டி வாய்ப்புகள் இரண்டு வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு மீண்டும் ஒரு கோல் அடித்து 2-1 என வென்றது. தோற்றும் மதிப்பிழக்காத ஆட்டம் அது.

இங்கிலாந்தின் ஆர்சனல் குழு தம்மோடு ஆட அவரை அழைத்ததாகவும், மருத்துவப் படிப்பை முடிக்க வேண்டி அவர் மறுத்ததாகவும் கூறுவர். அது எவ்வாறாயினும், 1950இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றதும் அவர் கல்கத்தாவின் கைத்தட்டலை விட்டு வடகிழக்கிற்கே திரும்பினார். முதலில் திப்ருகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவப் பிரிவில் பணி. 1953 முதல் கோகிமாவில். நாகாலாந்து தனி மாநிலமான 1963இல் அதன் சுகாதாரப் பணிகள் இயக்குநரானார். 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார்.

ஒன்றை மறைக்காது கூறவேண்டும். 1942இல் தொடங்கிய படிப்பு 1950இல்தான் முடிந்தது. பந்து அவரிடம் சில ஆண்டுகளை விலையாகப் பெற்றிருக்கலாம். எனவே பெரியோர் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் ஆட்டத்திற்காகப் படிப்பைக் கைவிட்டாரில்லை. படிப்பிற்காக ஆட்டத்தைத் தொடக்கத்திலேயே துறந்தாருமில்லை. (1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்குத் தலைமை தாங்கிய சாக்ரட்டீசும் மருத்துவப் பட்டதாரியே.) மலையூர்ப் பழங்குடிப் பிள்ளையைக் கல்கத்தா மாநகரம் தலைவனென ஏற்றுக்கொண்டது எங்கே? பந்தாடும் திடலில் அன்றோ! தெருவின் பெயரைக் கேட்டு ஆளை அளக்கும் ஊரில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுமா?

இன்று அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் பயின்று, நீட் தேர்விலும் தகுதி பெறுவோர்க்கு அது பயன்படும். அத்தேர்விற்கான நூல்கள் நம் படிப்பகத்தில் இல்லை.

ஆதலின் செயற்குழுவிற்கு என் வேண்டுகோள் இது: பந்திற்கான பணத்தை நிறுத்தவேண்டா. ஆறு மணிக்குத் திறக்கும் படிப்பகத்தை ஏழு மணிக்குத் திறப்போம்; ஆடிவிட்டு வரும் பிள்ளைகள் கைகால் கழுவிக்கொண்டு வந்து அமரட்டும். நீட் நூல்களை இவ்வாண்டே வாங்குவோம். உயிரியல் பயில்வோர் நால்வர் நம் கால்பந்துக் குழுவில் உள்ளனர். அவர்களுள் இருவர் பெண்கள்.