இல்லத்து இணையமும் பங்குக் கிணறும்

யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்குப் பங்குக் கிணறு விளக்கவேண்டாத ஒன்று. கிணறு ஒன்று, உடையவர் பலர். யாருக்கு எத்தனை பங்கு, வாய்க்கால் எவ்வழி என்பன காணி உறுதியிலே எழுதப்பட்டிருக்கும். இறைப்பு முறை பிசகினால் உறவினரிடையேயும் வழக்கு மூளும். இன்று வீடுகளுக்கு வந்துசேரும் இணைய இணைப்பும் ஏறக்குறைய அத்தகையதே. தெருவிலிருந்து வருவது ஒரே இணைப்பு. அதிற் பங்கு கேட்பனவோ தந்தையின் கைத்தொலைபேசி, தாயாரின் கைத்தொலைபேசி, உயர்தர வகுப்பு மாணவியின் கணினி, விறாந்தையிலுள்ள தொலைக்காட்சி எனப் பலவாம். உறுதி எழுதாத பங்கு இது. ஆதலாற் பிணக்கும் அதிகம்.

இத்தனை கருவிகளும் ஓர் இணைப்பை எவ்வாறு பகிர்கின்றன? இணையத்திலே செய்தி பெற விரும்பும் கருவிக்கு ஓர் இலக்க முகவரி வேண்டும். 1981ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அன்று அது வற்றாத தொகையாகவே தோன்றிற்று. ஆயினும், உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் தீர்ந்துபோயின. இதனினும் மிக நீண்ட முகவரி முறையொன்று பரவிவருகிறது. எனினும் பழையது இன்னும் ஒழிந்தபாடில்லை.

பற்றாக்குறை வருமென்பதை முன்னரே உணர்ந்தோர் 1994இல் ஒரு வழி கூறினர். வீட்டுக்கு வெளியே ஒரே முகவரி. உள்ளே கருவிக்கொரு சொந்த இலக்கம். உள்வீட்டுப் பாவனைக்கென ஒதுக்கப்பெற்றவற்றுள் 192.168 எனத் தொடங்கும் இலக்கங்களும் அடங்கும். கொழும்பிலும் இலண்டனிலும் இலட்சக்கணக்கான வீடுகளில் அதே இலக்கங்கள் வழங்குகின்றன. வாசலைத் தாண்டி வெளியே செல்லாமையால் மயக்கம் நேர்வதில்லை.

வாசலில் நிற்பது ரவுட்டர் என்னும் சிறு பெட்டி. பெரிய கந்தோர் ஒன்றிலே தபாலுக்குப் பொறுப்பான எழுதுவினைஞரைப் போன்றது அது. உள்ளிருந்து கடிதம் புறப்படும்போது, அனுப்பியவர் யாரெனத் தன் ஏட்டிற் குறித்துக்கொண்டு, உறையின்மீது கந்தோரின் முகவரியையே எழுதிவிடும். மறுமொழி வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். எவரும் கேளாத கடிதம் வெளியிலிருந்து வந்தால் அதனை ஏற்க ஆளிராது. இதனால் ஓரளவு காப்பு உண்டு. ஆனால் இதனை மதிலென்று எண்ணிவிடலாகாது. உள்ளிருக்கும் ஒருவரே வஞ்சக இணைப்பொன்றை அழுத்திக் கள்வனை அழைத்தால் எழுதுவினைஞர் என் செய்வார்?

1999இல் வெளிவந்த வின்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலே, ஒரு கணினி தன் இணைப்பை ஏனைய கணினிகளுக்கும் பகிர வசதி இருந்தது. அக்கணினியை அணைத்துவிட்டாலோ வீடெங்கும் இணைப்பு அறும். தனிப் பெட்டி வந்தபின் அத்தொல்லை நீங்கியது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதிலேதான் பெரும்பாலார் தவறுகின்றனர். கம்பி நுழையும் இடம் முன்வாசல் மூலை. பெட்டியும் அங்கேயே தொங்குகிறது. வானலையிற் பாதி தெருவுக்குப் போய்விட, பின்னறையிற் படிக்கும் பிள்ளைக்குத் துளியும் எட்டுவதில்லை. வீட்டின் நடுவே, நெஞ்சளவு உயரத்தில், இரும்பு அலுமாரியும் கொங்கிறீற்றுத் தூணும் குளிர்சாதனப் பெட்டியும் மறைக்காத இடத்தில் வைத்தல் நன்று. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தூரம் செல்லும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவருக்குச் சோர்ந்துவிடும். நகராத தொலைக்காட்சிக்கு வானலை எதற்கு? செப்புக் கம்பியொன்றை இழுத்துவிடலாம்; 100 மீற்றர் வரை அது தளராது.

இரண்டாம் பெட்டி வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இரண்டு பெட்டிகளும் ஒரே வீட்டில் முகவரி வழங்க முற்பட்டால், ஒரு கந்தோரில் இரு தலைமை எழுதுவினைஞர் இருந்த கதையாகும். இரண்டாவதில் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, உள்வீட்டுத் துளையிலேயே கம்பியைச் செருகவேண்டும்.

அடுத்தது திறவுகோல். பெட்டியின் அடியிலே அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லோடு ஆண்டுக்கணக்கில் இருப்போர் பலர். வானலையைப் பூட்டும் பழைய முறையான டபிள்யூ.இ.பி.யின் ஓட்டைகள் 2001இலேயே வெளிப்பட்டுவிட்டன, 2004இன் டபிள்யூ.பி.ஏ. 2, அதற்குப் பின் 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 ஆகியவற்றுள் ஒன்றையே தெரிதல் வேண்டும். அயலார் கேட்டாற் கொடுப்பது நம்மவர் வழக்கமே. ஆயினும் வெளியுலகுக்கு அவ்வீட்டின் முகவரி ஒன்றுதான். அயல்வீட்டு இளைஞன் செய்ததும் அதே கணக்கிற் சேரும். விருந்தினர்க்கெனத் தனி வலையொன்றைப் பல பெட்டிகளில் அமைக்க இயலும்.

இனிப் பிணக்கின் மூலத்துக்கு வருவோம். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இது பல குடும்பங்களுக்குத் தெரியவந்தது. அக்காள் பாடங் கேட்கிறாள். ஆசிரியரின் குரல் துண்டுதுண்டாக உடைகிறது. தம்பி விளையாடுகிறான் என்று அவன்மீது பழி விழும். உண்மைக் காரணம் பெரும்பாலும் வேறு. வீட்டிலிருந்து வெளியே செல்லும் பாதை, உள்ளே வரும் பாதையினும் பல இணைப்புகளில் ஒடுக்கமானது. தந்தையின் கைத்தொலைபேசி அவர் அறியாமலே நூறு படங்களை வெளியே அனுப்பத் தொடங்கினால், ரவுட்டரிலே நீண்ட வரிசை தேங்கும். அக்காளின் குரலும் அவ்வரிசையின் கடைசியிலேயே நிற்கவேண்டும். அதிக பணங்கட்டி அகன்ற இணைப்பைப் பெற்றாலும் இவ்வரிசை முற்றாக ஒழியாது.

கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்னும் இருவர் 2012இல் இதற்கு ஒரு மருந்து வெளியிட்டனர். வரிசையின் நீளத்தை விட்டு, ஒவ்வொரு செய்தியும் அங்கே காத்திருந்த நேரத்தை அளந்து, தேக்கம் நீடித்தாற் சிலவற்றைக் கைவிடுவதே அம்முறை. கைவிடப்பட்டதை உணர்ந்த கருவி தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ளும். இம்முறையையோ இதன் வழிவந்த முறைகளையோ கொண்ட ரவுட்டர்கள் இன்று கிடைக்கின்றன. வாங்கும்போது கேட்டறிதல் தகும். அத்தகைய பெட்டி இல்லாத வீட்டில், படங்கள் தாமே வெளியேறும் ஏற்பாட்டை நள்ளிரவுக்குப் பின் எனத் தந்தை மாற்றிக்கொண்டால், அக்காளின் பாடவேளைக்கு வாய்க்கால் திறந்திருக்கும்.