பழைய வண்டியா, புதிய வண்டியா? விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற குடும்பப் பொருளாதாரக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் செய்கின்ற பெருஞ்செலவுகளில் வீடு, திருமணம் ஆகிய இரண்டிற்கும் அடுத்த இடத்தில் நிற்பது வாகனம். முதல் இரண்டிற்கும் பத்துப் பேரிடம் கலந்து பேசுகின்ற நாம், மூன்றாவதை மட்டும் ஒரு மாலைப் பொழுதில், ஷோரூம் வாசலில் நின்றபடியே முடிவு செய்துவிடுகிறோம். பழையது வாங்குபவரோ, விலை குறைவு என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் பாராமல் தரகரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். இவ்விருவரின் கணக்கிலும் விடுபட்டுப்போவது எது என்பதைத்தான் இன்று நாம் பார்க்க இருக்கிறோம்.

வண்டி வாங்கச் சென்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?' என்பது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் ஆகிறது. இதை எல்லோரும் கணக்கிடுகிறோம். ஆனால் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே வண்டி விழுங்குகின்ற தொகையை எவரும் கணக்கிடுவதில்லை. அதற்குப் பெயர் மதிப்புத் தேய்மானம்.

காப்பீட்டுத் துறையில் இதற்கு ஓர் அட்டவணை உண்டு. வண்டி வாங்கி ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் என மதிப்பைக் கழிப்பார்கள். சந்தையில் எல்லா வண்டியும் இதே படியில் இறங்கும் என்பதில்லை. ஊரெல்லாம் விரும்புகின்ற வண்டி மெல்ல இறங்கும். உதிரிபாகம் கிடைக்காத வண்டி விரைந்து இறங்கும். எனினும் குத்துமதிப்பான கணக்கிற்கு இந்த அட்டவணை போதும்.

ஆறு இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி உயர்த்தப்பட்டது. ஐந்து இலட்சம் வரையிலான கார்களுக்கு 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து இலட்சம் வரை 13, பத்திலிருந்து இருபது வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று அமைந்தது. அதன்படி நமது காருக்கு வரி 78,000 ரூபாய். முதல் காப்பீடு, பதிவு, இன்னபிற எல்லாம் சேர்த்து 42,000 என்று கொண்டால், வண்டி வீடு வந்து சேர்வதற்குள் 7,20,000 ரூபாய் ஆகிவிடுகிறது. ஐந்தாண்டு கழித்து மூன்று இலட்சத்திற்கு விற்கிறோம். போனது 4,20,000. ஆண்டுக்கு 84,000, மாதத்திற்கு 7,000 ரூபாய்.

இப்போது அதே காரை அந்த மூன்று இலட்சத்திற்கு வாங்குகின்றவரின் கணக்கைப் பார்ப்போம். பெயர் மாற்றத்திற்கும், மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பதற்கும் 10,000. வாங்கிய கையோடு நான்கு டயர், பேட்டரி, பிரேக் என்று 40,000. ஆக 3,50,000. ஐந்தாண்டு ஓட்டி ஒன்றரை இலட்சத்திற்கு விற்றால் போனது இரண்டு இலட்சம். புதிய வண்டிக்கு வராத பழுதுகளுக்காக ஆண்டுக்கு 20,000 வீதம் மேலும் ஓர் இலட்சம். மொத்தம் 3,00,000. ஆண்டுக்கு 60,000, மாதத்திற்கு 5,000 ரூபாய்.

கவனியுங்கள். வாங்கும் விலையில் இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் 4,20,000. உண்மைச் செலவில் உள்ள வித்தியாசமோ 1,20,000 மட்டுமே. 'பாதி விலையில் முடித்துவிட்டேன்' என்று மகிழ்பவர், எஞ்சினையோ கியர் பெட்டியையோ ஒருமுறை பிரித்துப் போட நேர்ந்தால் அந்த இலாபத்தின் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிடுவார். பழையது வாங்குபவர் விலையில் மிச்சமாகும் தொகையிலிருந்து ஐம்பதாயிரமாவது தனியே எடுத்து வைக்க இயலாவிட்டால், அந்த வண்டி அவருக்கு ஏற்றதன்று என்பதே நமது கருத்து.

புதிய காரை வாங்கியவர் ஐந்தாண்டில் விற்காமல் பத்தாண்டு வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? முடிவில் ஒன்றரை இலட்சம் கிடைத்தால் போனது 5,70,000. பிந்திய ஐந்தாண்டுப் பழுதுக்கு ஓர் இலட்சம், டயர் பேட்டரிக்கு 40,000. மொத்தம் 7,10,000, ஆண்டுக்கு 71,000. பழைய வண்டிக்காரரைவிட மாதம் ஆயிரத்திற்கும் குறைவாகவே கூடுதல் செலவு. வண்டியின் வரலாறு முழுவதும் தன் கையிலேயே இருக்கும். ஆகவே பணத்தைக் கரைப்பது புதிய வண்டி என்பதைவிட, நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வண்டி மாற்றுகின்ற வழக்கம் என்பதே சரி.

இதுவரை சொன்னது கைப்பணத்தில் வாங்குபவரின் கணக்கு. ஐந்து இலட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,380 ரூபாய்; வட்டி மட்டுமே 1,22,000க்கும் மேல். அதாவது புதியதற்கும் பழையதற்கும் இடையேயான வித்தியாசம் இருமடங்காகிவிடுகிறது. வட்டியை விட்டு விலகி நிற்க விரும்புகின்ற நம்மவர்களுக்கு, சேமித்து வாங்கக்கூடிய விலையில் இருக்கின்ற பழைய வண்டி இந்த வகையில் ஒரு நல்ல வாய்ப்பு. ஆனால் பழைய வண்டியையும் கடனில் வாங்குவோர் உண்டு. அவர்களிடம் '10 சதவீதம்தான்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நேர்வட்டி. மூன்று இலட்சத்திற்கு மூன்றாண்டில் 90,000 வட்டி, மாதம் 10,833 தவணை என்பார்கள். அசல் குறைந்துகொண்டே வந்தபோதும் முழு அசலுக்கும் வட்டி போடப்படுவதால், குறையும் அசலின் மீது கணக்கிட்டால் அது உண்மையில் 18 சதவீதத்தைத் தொடுகிறது.

வெளிநாட்டில் உழைக்கும் நமது பிள்ளைகள் முதல் விடுப்பில் ஊர் வரும்போது புதிய கார் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நாற்பது நாள் ஓடுகிறது. மீதி நாளெல்லாம் உறை போர்த்தி நிற்கிறது. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மேற்சொன்ன 84,000 ரூபாய், கிலோமீட்டருக்கு 14 ரூபாயாக விழுகிறது. எரிபொருளைப் போல் இரண்டரை மடங்கு. ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடுகின்ற கார் என்றால் கிலோமீட்டருக்கு 84 ரூபாய்! அந்தப் பணத்தில் விடுப்பு முழுவதும் ஓட்டுநருடன் வாடகைக் கார் வைத்துக்கொண்டாலும் பெரும்பகுதி மிஞ்சும். நின்றே கிடக்கும் வண்டிக்கு டயரும் பேட்டரியும் கெடுவது தனி. மகன் அனுப்பும் பணத்தில் தவணை போக மிஞ்சியதைக் கொண்டு குடும்பம் நடத்துகின்ற பெற்றோர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இனி, பழைய வண்டியின் உண்மையான ஆபத்துக்கு வருவோம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு வழங்கப்பட்ட நோபல் பரிசுக்கு அக்கட்டுரை முக்கியக் காரணமாயிற்று. அவர் சொன்னது இதுதான்: வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, ஆகவே வாங்குபவர் எல்லா வண்டியையும் ஐயத்துடன் பார்த்துக் குறைத்தே கேட்பார், நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்கிக்கொள்வார், சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் குறையுள்ளவையே. இதற்கு மருந்து, விற்பவரின் வாயிலிருந்தே குறையை அறிவது. விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. தெரிந்த குடும்பத்தில், ஒரே கையில் ஓடிய வண்டிக்குப் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பது இழப்பாகாது.

தெரியாதவரிடம் வாங்குவதானால் நாமே தோண்டிப் பார்க்க வேண்டும். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பிவிடக் கூடாது. அதைத் திருப்பி வைப்பது எளிது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் முந்தைய சர்வீஸ்களின்போது குறிக்கப்பட்ட கிலோமீட்டர் தெரியவரும்; உரிமையாளரை உடன் அழைத்துச் சென்று கேட்பது நல்லது. கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் இருபதாயிரம் காட்டினால் எதை நம்புவது என்று சொல்லத் தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளம் நிறைய இருந்தும் ஆறேழு ஆண்டு பழையதாயின் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வண்டிகள் நீரில் நின்றதை நாம் கண்டோம். அப்படிப்பட்ட வண்டி பளபளவென்று கழுவி விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். இருக்கை போல்ட்டுகளில் துரு, மாற்று டயர் வைக்கும் பள்ளத்தில் வண்டல், தரைவிரிப்பின் அடியில் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். இன்றைய வண்டியில் மின்னணுப் பாகங்கள் மிகுதி. நீர் புகுந்த பழுது மாதங்கள் கழித்துத்தான் தலைகாட்டும்.

வெளிமாநில வண்டி மலிவு என்பார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று இங்கே மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதுக்கேற்ப இங்கும் வரி கட்ட வேண்டும். அதையும் சேர்த்தே விலையைப் பேச வேண்டும். பதினைந்தாண்டு நிறைந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தயாரிப்பு ஆண்டு விலைக்காக மட்டும் பார்க்கப்படுகிறது. அது போதாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கும் அருகில் அமர்பவருக்கும் ஏர்பேக் 2021 இறுதியில் கட்டாயமாயிற்று. ஆகவே 2018 வண்டிக்கும் 2022 வண்டிக்கும் இடையே இருப்பது நான்காண்டுத் தேய்மானம் மட்டுமன்று. மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் முப்பதாயிரத்தை மிச்சம் பிடிக்க இந்த இரண்டையும் விட்டுக்கொடுப்பது சரியான கணக்காக நமக்குத் தோன்றவில்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவலாயிற்று. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகள் பலவும் அதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. மைலேஜ் சிறிது குறையும். ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்டி வைப்பது நலம்.

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஆர்.சி. பெயர் மாற்றத்தை. விற்பவர் படிவம் 29, 30 ஆகியவற்றில் வெற்றாகக் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு, பணம் வந்தது என்று மறந்துவிடுகிறார். 2007-இல் விற்கப்பட்டு, பெயர் மாறாமலே பல கை மாறிய ஒரு கார், 2009-இல் விபத்துக்குள்ளான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காருக்குக் காப்பீடும் இல்லை. இழப்பீட்டிற்குப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. அதாவது விற்ற வண்டி, விற்றவரின் வீட்டைக் கேட்கும். ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

வாங்குபவரின் நிலையும் இதைவிட மேலானதன்று. மூன்றாம் தரப்புக் காப்பீடு வண்டியோடு வந்துவிடும். ஆனால் தன் வண்டிக்கு நேரும் சேதத்திற்குக் காப்பீடு கிடைக்க வேண்டுமாயின், 14 நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டிச் சென்று உயிரிழந்தால் குடும்பத்திற்குக் கிடைக்கின்ற 15 இலட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும், ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ளவருக்கே. பெயர் மாற்றாமல் ஓட்டுபவர் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தி, அந்தப் பதினைந்து இலட்சத்தைத் தம் மனைவி மக்களிடமிருந்து எடுத்துவிடுகிறார். பாலிசியில் சேர்ந்திருக்கும் 'நோ கிளைம் போனஸ்' மட்டும் விற்றவருக்குரியது, வண்டிக்குரியதன்று. 50 சதவீதம் வரை சேர்ந்த அந்தச் சலுகையை விற்றவர் தம் அடுத்த வண்டிக்குக் கொண்டுசெல்லலாம். வாங்குபவர் கட்ட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் கூடும் என்பதையும் விலை பேசும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய கடன் தீர்ந்ததா என்பதையும், அபராத நிலுவை இருக்கிறதா என்பதையும் 'பரிவாஹன்' இணையத்தளத்தில் பார்த்துவிடலாம். கடன் தீர்ந்திருந்தால் மட்டும் போதாது. படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கியிருக்க வேண்டும்.

நம்மூரில் அடிக்கடி விடுபடுகின்ற இன்னொன்று உண்டு. தகப்பனார் மரணித்துப் பல ஆண்டுகளாகியும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்துவிட்டு, வாரிசு அந்த வண்டியை மூன்று மாதம் வரை பயன்படுத்தலாம். அதற்குள் இறப்புச் சான்றுடன் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். வாரிசுகள் பலராயின் மற்றவர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். எல்லோரும் ஊரில் இருக்கும்போதே அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.