தலைமையாசிரியருக்கு யார் துணை?

ஆசிரியராக விரும்புபவர் பயிற்சி பெற்றுத் தேறியிருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுநாளைய விதி. தலைமையாசிரியர் ஆவதற்கோ, பெரும்பாலான இடங்களில் பணிமூப்பே போதுமானதாக இருந்து வந்திருக்கிறது. நேற்று மாலை வரை கணக்குப் போதித்தவர் இன்று காலை அந்த நாற்காலியில் அமர்கிறார்.

நானும் அவ்வாறு அமர்ந்தவனே. முதல் நாள் ஒரு சாவிக்கொத்தையும் இருப்புப் பதிவேட்டையும் என்னிடம் ஒப்படைத்தார்கள். சம்பளப் பட்டியல் தயாரிக்கும் முறையை எழுத்தரிடம் கேட்டுக் கற்றேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. மூன்றாம் வாரம் வந்ததுதான் உண்மையான சோதனை. என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய நண்பர் வகுப்பில் பாடமே நடத்துவதில்லை என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். நண்பரைத் தனியே அழைத்துக் கண்டிப்பதா? வகுப்பில் போய் அமர்ந்து பார்ப்பதா? கேட்பதற்கு ஒருவருமில்லை. மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். நட்பும் போயிற்று, வகுப்பும் திருந்தவில்லை.

இக்குறையை அறிஞர்கள் உணராமலில்லை. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளி செம்மையாக நடப்பது முடிவில் தலைமையாசிரியரையே பொறுத்தது என்று கூறியது. ஆயினும் பள்ளித் தலைமைக்கென ஒரு தேசிய மையம் தில்லியில் ஏற்பட்டது 2012-ல்தான். அறுபது ஆண்டுகள்! 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தலைமையாசிரியர்களும் ஆண்டுதோறும் 50 மணி நேரமேனும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது.

நல்லதே. ஆனால் தொடக்கப் பள்ளி ஆண்டில் 200 நாளேனும் நடக்க வேண்டும் என்பது சட்டம். தொல்லைகள் பயிற்சி முகாமுக்கு வந்து காத்திருப்பதில்லை. அந்த 200 நாட்களில்தான் வருகின்றன.

ஆகவே, கோத்தாரிக் குழு 1966-ல் சொன்ன ஒரு யோசனையையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதன் அண்டையிலுள்ள சிறு பள்ளிகளையும் ஒரு தொகுதியாக இணைப்பது அது. புதிய கொள்கையும் அதை வற்புறுத்துகிறது. பொருள்களையும் ஆசிரியர்களையும் பகிர்ந்துகொள்வதற்கே அது என்று பலர் கருதுகின்றனர். தலைமையாசிரியர்கள் மாதம் ஒரு மாலை கூடிப் பேசுவதற்கும் அது வழி செய்யலாமே!

அன்று அப்படி ஒரு கூட்டம் இருந்திருந்தால், என் நண்பரின் செய்தியை அங்கே சொல்லியிருப்பேன். "கடிதம் இருக்கட்டும், ஐயா. முதலில் நான்கு நாள் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள்" என்று யாரேனும் ஒருவர் சொல்லியிருக்கக்கூடும்.